எண்பதுகளின் பானட்டுக்குள்

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து சென்றால், மஞ்சள் சுவரொன்றின் முன்னால் வெள்ளை அம்பாசிடரை நிறுத்தி, அதன் மேல் சாய்ந்தபடி கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுத்துக்கொள்ளும் இணை ஒன்றையாவது பார்க்கலாம். பழைய காலம் என்றாலே அந்த வண்டிதான் என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐம்பதுகளின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் பிறந்து 2014 மே வரை தயாரிக்கப்பட்ட ஒரு கார் எந்தப் பத்தாண்டைச் சொல்லும்? காமராசர் ஆட்சியிலும் ஓடியது, கைப்பேசி வந்த பிறகும் ஓடியது. எல்லாக் காலத்துக்கும் பொதுவாக நின்ற வண்டியிடம் ஒரு குறிப்பிட்ட காலத்தின் மணத்தை எதிர்பார்ப்பது சரியாகாது.

நான் வளர்ந்த எண்பதுகளைச் சொல்லும் கார் எது என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் மாருதி 800 என்பார்கள். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்த படத்தைப் பார்க்காதவர் குறைவு. ஆனால் மாருதி, எண்பதுகளில் வந்து சேர்ந்துவிட்ட அடுத்த காலத்தின் கார் என்பதே என் எண்ணம். எண்பதுகளின் உண்மையான முகத்தை நான் பார்த்தது என் பெரிய மாமாவின் கான்டெஸாவில்.

மாமாவுக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். அவர் அந்தக் காரை வாங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். நீண்ட பானட், தட்டையான டிக்கி, தாழ்ந்து அகன்ற உடம்பு என்று அது கடலூர் மஞ்சக்குப்பம் டாக்சி ஸ்டாண்டில் வரிசையாக நின்ற அம்பாசிடர்களுக்கு நடுவே வேறொரு நாட்டுப் பிராணிபோலத் தெரியும். கடலூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் புதுச்சேரி எல்லையைத் தாண்டி முள்ளோடையில் மலிவான பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, அதே உற்சாகத்தில் எங்களையும் ஏற்றிக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போவார். எந்தக் காராக இருந்தாலும் பாட்டிக்கு அது பிளசர்தான். முதல் முறை நாங்கள் போய் வாசலில் இறங்கியபோது, அடுப்படியில் இருந்த பாட்டி வெளியே எட்டிப் பார்க்காமலேயே, "யாரது, டாக்சி புடிச்சிக்கிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். மாமாவின் முகம் சுருங்கிப்போனது.

பாட்டியின் காது பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. கான்டெஸாவின் உடம்பு, இங்கிலாந்தில் வாக்ஸால் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட விக்டர் காரின் வழிவந்தது. அங்கே அந்த மாடல் ஓய்வு பெற்ற பின்பு, அதை உருவாக்கும் அச்சுகளையும் கருவிகளையும் அம்பாசிடரைச் செய்துவந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டு வந்து 1984-இல் இங்கே கான்டெஸாவாக வெளியிட்டது. முதல் சில ஆண்டுகள் அந்த நீண்ட பானட்டுக்குள் இருந்ததோ அம்பாசிடரில் இருந்த அதே 1489 சிசி எஞ்சின். ஐம்பதுகளின் ஆங்கிலேய வடிவமைப்பு. சுமார் 50 குதிரைத்திறன். ஐந்து கியருடன் ஜப்பானிய நிறுவனமான இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் பின்னரே வந்தது. ஆகவே, அடுப்படியில் இருந்தவருக்கு டாக்சி நின்ற சத்தம் கேட்டதில் வியப்பில்லை. இதில் ஓர் அனுகூலமும் இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் அம்பாசிடரைப் பிரித்து மாட்டத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் மாமாவின் காரைப் பார்த்து மிரளவில்லை.

மேலே புதிது, உள்ளே பழையது என்ற இந்த ஏற்பாட்டைத்தான் எண்பதுகளின் ஆன்மா என்று நான் கருதுகிறேன். இதற்குக் கான்டெஸாவைவிடக் கூர்மையான சான்று நம் சென்னைக்குப் பக்கத்திலேயே உருவானது. கடலூரிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் பேருந்தில் வண்டலூரைத் தாண்டும்போது ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையைக் காட்டி, ஒரு காலத்தில் ஹெரால்டு கார் இங்கேதான் தயாரானது என்று அப்பா சொல்வார். அதே தொழிற்சாலையிலிருந்து 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அதன் உடம்பு, 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ரோவர் எஸ்டி1-இனுடையது. இங்கிலாந்தில் அந்த உடம்பை 3.5 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின் இழுத்தது. இங்கே பொருத்தப்பட்டது நாற்பதுகளின் இறுதியில் வந்த ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் வழியில் வந்த 1991 சிசி எஞ்சின். அந்த எஞ்சின் குடும்பத்தின் உறவினர்கள் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டிருந்தவை. பட்டு வேட்டி கட்டி ஏர் உழப் போனதுபோல என்று கேலி செய்யலாம்தான். ஆனாலும் அந்தக் காரின் பக்கவாட்டுத் தோற்றத்தை இன்று பார்த்தாலும் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கிறது. பத்தாண்டு முடிவதற்குள் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது.

பிரீமியர் 118 என்இ இதே கதையைத் தலைகீழாகச் சொன்னது. அறுபதுகளின் ஃபியட் 124 உடம்புக்குள் நிசானின் 1171 சிசி எஞ்சின். பெயரில் உள்ள என்இ என்பதே நிசான் எஞ்சினைக் குறிப்பதுதான். ஓட்டுவதற்கு அது நல்ல வண்டி என்று அனுபவித்தவர்கள் சொல்வார்கள். பார்ப்பதற்குப் பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல இருக்கும் என்பதால் அதன்மேல் எனக்குப் பெரிய மோகம் இருந்ததில்லை.

ஏன் இப்படி ஒட்டுப்போட்டார்கள் என்பதற்குக் காரணம் தெளிவானது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கும் உரிமம் வேண்டும், வெளிநாட்டிலிருந்து எதைத் தருவிக்கலாம் என்பதற்கும் அனுமதி வேண்டும், அந்நியச் செலாவணியோ தட்டுப்பாடு. புதிதாக ஒரு காரை வரைந்து உருவாக்கும் செலவைவிட, ஐரோப்பாவில் வேலை முடிந்த அச்சுகளை வாங்குவது மலிவு. எஞ்சின் செய்யும் இயந்திரங்களோ ஏற்கெனவே தொழிற்சாலையில் இருந்தன. கதவு பாதி திறந்தது, அந்த இடைவெளியில் உடம்பு உள்ளே வந்துவிட்டது, எஞ்சின் வெளியே நின்றுவிட்டது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கியவர்களுக்கும் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். தெரிந்தேதான் அந்தத் தோற்றத்துக்கு ஆசைப்பட்டார்கள்.

மாருதியோ 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம் என்று உடம்பும் எஞ்சினும் ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று பொருத்தமாகப் பிறந்த கார். அதனால்தான் அது வென்றது. அதனால்தான் அது எண்பதுகளின் கார் அல்ல என்கிறேன். பள்ளி ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் தவணையில் வாங்கிய பிறகு, மாமாவின் கான்டெஸா தெருவில் நின்றால் திரும்பிப் பார்ப்பவர்களும் குறைந்துபோனார்கள்.

அந்த வண்டி இன்னும் பண்ருட்டியில் முந்திரிக் கிடங்கின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கிறது. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு இசுசு எஞ்சினைத் தேடிப் பிடித்து மாட்டலாம் என்று மாமாவின் மகன் சில வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எண்பதைக் கடந்த மாமா இசையவில்லை. போன பொங்கலுக்குச் சென்றிருந்தபோது, புது பேட்டரியைப் பொருத்தி, சோக்கை இழுத்து, நான்கைந்து முறை முயன்ற பிறகு ஸ்டார்ட் செய்தார்கள். நான் வேண்டுமென்றே கிடங்குக்கு வெளியே வந்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மஞ்சக்குப்பத்து டாக்சி ஒன்று வந்து நின்றதுபோலவே இருந்தது.