பி ஷேடு

வெளிநாட்டு பையருக்கும் (துணி வாங்குகிறவர்) ஃபேக்டரிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசராகப் பதினோரு வருஷம் இருந்த திருப்பூர் கம்பெனியில் மறுபடி கூப்பிடுகிறார்கள். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான்.

2025 செப்டம்பரில் என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது, 27ஆம் தேதி அது 50 ஆனது. எங்களுக்கு முக்கால்வாசி அமெரிக்க ஆர்டர். பையர் முதலில் விலையைக் குறைக்கச் சொன்னார், அப்புறம் 'ஹோல்டு' என்று ஒரு வரி மெயில். வெட்டின பீஸ் எல்லாம் கட்டுக்கட்டாக டேபிளிலேயே கிடந்தது. திருப்பூரில் அந்த மாசம் நிறைய கம்பெனிகளில் இதே கதைதான், அதனால் முதலாளி மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் அந்த ராஜினாமாக் கடிதத்தின் மேல்தான். "ராஜினாமான்னே எழுதிக் குடுத்துருங்க அம்மிணி, நாளைக்கு வேற எடத்துக்குப் போனா உங்களுக்குத்தான் நல்லது" என்றார் மேனேஜர் அண்ணன். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆட்குறைப்பு செய்தவர்கள் மறுபடி ஆள் எடுத்தால் பழைய தொழிலாளிக்கு முன்னுரிமை என்று 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்ததாம். மெர்ச்சண்டைசருக்கு அது பொருந்துமா என்பது தனி வழக்கு. நான்தான் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று என் கைப்படவே எழுதியிருக்கிறேனே!

கிராஜுவிட்டி (பணிக்கொடை) வந்தது. அடிப்படைச் சம்பளம் 15,600. அதை மாசத்து வேலை நாள் 26ஆல் வகுத்து, வருஷத்துக்கு 15 நாள் என்று பெருக்கி, பதினோரு வருஷத்துக்கு 99,000 ரூபாய். அதோடு கணக்கு முடிந்தது.

இப்போது திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையில் பில் போடுகிறேன். சம்பளம் ஒன்பதாயிரம் குறைவு. ஆனால் ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு வீடியோ காலில் காலர் அகலத்தைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபரில் மேனேஜர் அண்ணன் கூப்பிட்டார். வேலைக்கு என்று நினைத்து ஓடிப்போய் எடுத்தேன். "அம்மிணி, அந்த நேவி புளூ எந்த டையிங்ல போட்டோம்?" பையர் கலர் பார்த்து ஓகே பண்ணுகிற லேப் டிப் அட்டை அப்படியே கண்முன் வந்தது. ஏ, பி, சி என்று மூன்று துண்டுத் துணி, பி மேல் பையரின் பச்சை டிக். ஏ கொஞ்சம் சிவப்படிக்கும், சி செத்த கலர். சாயம் போட்ட டையிங் பேர், துணியின் கனம் (ஜிஎஸ்எம்), தைக்க ஆரம்பிக்கும் முன் ஓகே வாங்கின பிபி சாம்பிள் எந்த பீரோவில் என்பது வரை சொன்னேன். போனை வைத்ததும் மகள் கேட்டாள்: "எவ்வளவு குடுத்தாங்கம்மா?"

அப்புறம் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் சொன்னேன். பழக்கம், வேறென்ன.

போன வாரம்தான் வேலைக்கே கூப்பிட்டார்கள். இங்கிலாந்து ஆர்டர் வருகிறதாம். 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தை நம்பி அங்கத்திய பையர்கள் சாம்பிள் கேட்கிறார்கள். பழைய சம்பளமே, ஆனால் புது ஆளாகச் சேர வேண்டும். கிராஜுவிட்டிக்கு மறுபடி ஐந்து வருஷம் ஒன்றிலிருந்து. எனக்கு 44 வயது.

வீட்டுக்காரர் போகச் சொல்கிறார். மாசம் ஒன்பதாயிரம் என்பது மகளின் காலேஜ் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிறதைவிட அதிகம் என்கிறார். நியாயம்தான். சாம்பிள் ரூம் வாசனை எனக்கும் ஞாபகம் வருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். வேலையில் சேர்ந்த பழைய தேதி வேண்டாம், அதற்குக் கிராஜுவிட்டிப் பணம் வாங்கியாகிவிட்டது. வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால் மூன்று மாசம் முன்னாடி சொல்ல வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் எழுதிக் கொடுங்கள், வருகிறேன். "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்.

நேற்று போன் வந்தது. "அம்மிணி, குழந்தைங்க ஹூடிக்கு ஜிப் குடுத்தாரே, அவர் நம்பர் இருக்குங்களா?"

"இருக்குதுங்ண்ணா. லெட்டர் வரட்டும், சேத்து அனுப்பறேன்."