ஆல்டோ பக்கம்

எட்டாம் வகுப்பில் பள்ளிப் பாடகர் குழுவான கொயருக்கு ஆள் எடுத்தபோது டீச்சர் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி "இதைப் பிடி" என்றார். பிடித்தேன். ஒவ்வொரு கட்டையாக மேலே போனார், ஒரு இடத்துக்கு மேல் என் குரல் ஏறவில்லை. திரும்பிக் கீழே வந்தார், அவர் எவ்வளவு இறங்கினாலும் குரல் கூடவே இறங்கியது. "நீ ஆல்டோ. அந்தப் பக்கம் போய் நில்லு." ஆல்டோ என்றால் பெண் குரலில் தாழ்ந்தது. அங்கே ஏற்கெனவே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அடுத்த மூன்று வருடமும் அவர்கள்தான் எனக்கு எல்லாம்.

பாளையங்கோட்டையில் பெண்கள் மட்டும் படிக்கும் ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளி. 1990களின் நடுப்பகுதி. எங்கள் வீடு சைவ வீடு. ஆச்சி நெல்லையப்பர் கோவிலில் இசைத்தூண் பக்கம் நின்று தேவாரம் பாடுவாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை நான். கொயரில் சேர்ந்ததற்கு வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் போல ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

பெண்கள் பள்ளி என்பதால் எங்களுக்கு மூன்று குரல்தான்: ஃபர்ஸ்ட், செகண்ட், ஆல்டோ. பாட்டின் மெட்டு ஃபர்ஸ்ட்டுக்குப் போய்விடும். செகண்ட் அதன் கூடவே கொஞ்சம் கீழே ஓடும். ஆல்டோவுக்கு வருவது பல சமயம் ஒரே சுரம்தான். ஒரு பாட்டில் முதல் வரி முழுக்க எனக்கு 'சோ'தான் (நம் 'ப' மாதிரி), ஏழு தடவை சோ, அப்புறம் ஒரு ஃபா, திரும்பவும் சோ. வீட்டில் இதைப் பாடிப் பழகினால் அம்மா அடுப்படியிலிருந்து "ஏட்டி, என்ன பாட்டு இது?" என்று கேட்பாள். எல்லாருக்கும் தெரிந்த கிறிஸ்துமஸ் பாட்டுதான் என்று சொன்னால் நம்ப மாட்டாள். ஆல்டோவை மட்டும் தனியாகக் கேட்டால் எந்தப் பாட்டையும் அடையாளம் தெரியாது.

டீச்சர் எங்களுக்கு ஐந்து கோட்டு நொட்டேஷன் சொல்லித் தரவில்லை, சுரங்களை டோ, ரே, மி என்று எழுத்தால் குறிக்கும் சோல்ஃபாதான். இங்கிலாந்தில் நார்விச் ஊரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர உண்டாக்கிய முறை அது, 1840களில் ஜான் கர்வன் அதைத் திருத்திப் பரப்பினார். கரும்பலகையில் மூன்று வரிசை எழுத்து, தட்டுக்குத் தட்டு நடுவில் இரண்டு புள்ளி, நீட்ட வேண்டிய இடத்தில் சின்னக் கோடு, மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் ஒரு கீற்று. இதற்குக் கைச்சைகையும் உண்டு. டோவுக்கு மூடிய கை, மிக்கு மட்டமாகப் பிடித்த உள்ளங்கை, ஃபாவுக்குக் கீழே காட்டும் பெருவிரல். ஆர்மோனியத்தைத் தொடாமலே வலது கையில் ஃபர்ஸ்ட்டுக்கும் இடது கையில் எங்களுக்கும் சைகை காட்டி டீச்சர் இரண்டு குரலை ஒன்றாகக் கட்டிவிடுவார், நாங்கள் அவர் விரலைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டோம். இதில் டோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. நம் ஸட்ஜம் மாதிரி, எந்தக் கட்டையில் வைத்தாலும் அது டோதான். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது "அப்போ சுருதிதானட்டி" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோல்ஃபா அந்நியமாகவே தெரியவில்லை.

கஷ்டப்பட்டது கமகத்தில்தான். தேவாரம் கேட்டு வளர்ந்த தொண்டை, ஒரு சுரத்தில் நின்றால் தானாகவே அசையும். மூன்று குரல் சேர்ந்து நிற்கும்போது ஒன்று அசைந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து கெட்டுவிடும். "நேரா நிக்கட்டும்" என்று டீச்சர் எத்தனை முறை சொல்லியிருப்பார். நேராக நிற்கப் பழக எனக்கு ஒரு டெர்ம் ஆனது. ஒரு நாள் சாயங்காலம், நவம்பர் மழை, கரண்ட் போய்விட்டது, ஜெப அறையில் இருட்டு. அந்த இருட்டில் என் ஒற்றைச் சுரம் மற்ற இரண்டு குரலுக்கும் அடியில் போய்ப் பொருந்தியது. யாரும் பாடாத நாலாவதாக ஒரு சத்தம் மேலே எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்றவளும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் என்றால் கதை வேறு. அவற்றுக்கு ராகமும் தாளமும் புத்தகத்திலேயே போட்டிருக்கும், பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் உண்டு. அதை எல்லாரும் ஒரே குரலில்தான் பாடுவோம், அங்கே என் தொண்டை இஷ்டத்துக்கு அசையலாம். கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1774இல் நம்ம திருநெல்வேலியில் பிறந்தவர், தஞ்சாவூரில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம், பின்னால் ராஜாவான சரபோஜியோடு படித்தவர் என்று டீச்சர் பெருமையாகச் சொல்வார், அப்படிப்பட்டவர் வழியில் வந்த பாட்டுக்கு மூன்று குரல் எழுதிச் சேர்க்க அவருக்கு மனம் வராது. இன்று பல இடங்களில் கீர்த்தனைக்குக் கீபோர்டில் பல சுரத்தை ஒன்றாக அழுத்தும் கார்டு (chord) போட்டு ராகத்தையே அமுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவே இல்லை. டீச்சர் செய்ததுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

டீச்சரிடம் நான் கற்றதிலேயே பெரியது தமிழ் உச்சரிப்புதான். மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் வார்த்தை எழுதும்போது குறில் வரும் இடத்தில் இரண்டு தட்டு, மூன்று தட்டு நீளம் வந்து விழுந்துவிடும். 'பலன்' என்று எழுதியிருக்கும், மெட்டோடு இழுத்தால் 'பாலன்' ஆகிவிடும். 'மனம்' 'மானம்' ஆகும், 'வழி' 'வாழி' ஆகும். பெரும்பாலான இடங்களில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. டீச்சர் விடவே மாட்டார். வாயை அகலத் திறந்தால் ஆ, பாதி திறந்து உள்ளேயே வைத்தால் எவ்வளவு நீட்டினாலும் அ. ஒரு சாயங்காலம் முழுவதும் 'பலன்' என்ற ஒரே சொல்லைப் பாடியிருக்கிறோம். கடைசியில் மூன்று தட்டு நீட்டியும் அது பலனாகவே நின்றது.

அப்புறம் அந்த 'ம்'. தமிழில் வரிக்கு வரி ம் என்றுதான் முடியும். முப்பது பேரும் ஒரே நேரத்தில் உதட்டை மூட வேண்டும், ஒருத்தி முந்தினாலும் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும். டீச்சர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மெதுவாகச் சேர்ப்பார், விரல் தொடும் அந்த நொடியில் வாய் மூடும். அதன் பிறகு ஒரு தட்டு நேரம் ரீங்காரம் இருக்கும். அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையான கேரல் சர்வீஸில் ஆச்சி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். வெளியே வந்ததும் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "அந்த ம் சொன்னீங்கள்ல" என்று மட்டும் சொல்லி என் கன்னத்தைத் தொட்டாள்.

போன மே மாதம் பெருமாள்புரத்தில் தோழி ஒருத்தி வீட்டில் சந்தித்தோம். எப்படியோ வந்து சேர்ந்தது ஆல்டோ மட்டும்தான், நாலு பேர். ஃபர்ஸ்ட் பாடியவர்களில் ஒருத்தி சென்னையில், ஒருத்தி மஸ்கட்டில், இன்னொருத்தி இருக்கும் இடம் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒருத்தி மெதுவாக 'சோ' எடுத்தாள். மற்ற மூன்று பேரும் அதே சோவில் போய் நின்றோம். மெட்டே இல்லாமல் இரண்டு சரணம் பாடினோம். தோழியின் மகள் போனைக் கீழே வைத்துவிட்டு "இது என்ன பாட்டும்மா?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை, கடைசி வரிக்கு வந்திருந்தோம். எதிரில் விரல் காட்ட டீச்சர் இல்லை, எங்களில் யாரும் தலைகூட அசைக்கவில்லை. நாலாவது தட்டில் நாலு பேர் உதடும் ஒன்றாக மூடியது.