ஐந்தாவது இதழுக்குப் பிறகு: கூட்டாகச் சிற்றிதழ் நடத்துவோருக்கான கணக்குகள்

சிற்றிதழின் முதல் நான்கு இதழ்களைக் கொண்டுவருவது பெரிய காரியமல்ல. காலாண்டிதழ் என்றால் அது ஓராண்டு. அதற்கான கதைகளும் கட்டுரைகளும் தொடங்குகிறவர்களின் கைவசமே இருக்கும். பணத்தை நண்பர்கள் சந்தாவாகக் கொடுத்துவிடுவார்கள். ஐந்தாவது இதழில்தான் சங்கதி வெளிப்படும். நட்புக்காகச் சந்தா கட்டியவர் புதுப்பிக்கமாட்டார். படித்துவிட்டுக் கட்டியவர், ஒரு முறை நினைவூட்டினால் புதுப்பிப்பார். அந்த நினைவூட்டலை அனுப்ப ஆளில்லாமல் நின்றுபோன இதழ்கள், எழுத்து கிடைக்காமல் நின்றுபோன இதழ்களைவிட அதிகமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

கூட்டாக நடத்தும்போது இந்தச் சிக்கல் கூடவே செய்யும். ஐந்து பேர் சேர்ந்தால் ஐந்து பேருக்கும் படைப்புத் தேர்வில்தான் ஆர்வம் இருக்கும். உறையில் முகவரி ஒட்டுவதும், திரும்பி வந்த பிரதிக்கு ஃபோன் போட்டு விசாரிப்பதும் யாருடைய வேலையும் இல்லை என்றாகிவிடும். ஆகவே முதல் கூட்டத்திலேயே ஒருவரைச் சந்தாவுக்கென்று நியமித்துவிட வேண்டும். படைப்புத் தேர்வில் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை அவருக்கும் வேண்டும். ‘நிர்வாகம்’ என்று பெயர் கொடுத்து அவரை ஓரமாக உட்காரவைத்தால் ஆறு மாதத்தில் விலகிவிடுவார்.

படைப்புத் தேர்வில் எல்லோரும் ஒத்துக்கொண்டதையே போடுவது என்ற விதி கேட்க ஜனநாயகமாகத் தோன்றும். நடைமுறையில் அது யாருக்கும் ஆட்சேபமில்லாத, யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத எழுத்தையே மேலே கொண்டுவரும். மாற்று வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு படைப்பையும் இரண்டு பேர் படிப்பது. அவர்களில் ஒருவர் ‘இது வந்தே ஆக வேண்டும்’ என்று நின்றால் அது வருகிறது. இருவருமே ‘பரவாயில்லை’ என்றால் வராது. ஓர் இதழுக்கு ஒருவர் இப்படி ஒரு முறைதான் பிடிவாதம் பிடிக்கலாம் என்று எல்லை வைத்துக்கொண்டால் சண்டை குறையும். கடைசிச் சொல் மட்டும் ஒருவரிடம் இருக்க வேண்டும். 1970இல் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய ‘கசடதபற’ சிற்றிதழுக்குப் பின்னால் ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி, க்ரியா ராமகிருஷ்ணன் என்று ஒரு குழுவே இருந்தது. ஆசிரியர் என்று அச்சான பெயர் நா. கிருஷ்ணமூர்த்தி. அச்சகத்தில் கடைசி நேரத்தில் நான்கு பக்கம் மிஞ்சும்போது எதை வெட்டுவது என்று ஐந்து பேரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

படைப்பு அனுப்பியவருக்கு 30 நாளில் பதில் போக வேண்டும். ‘ஏற்கவில்லை’ என்ற ஒரு வரியே போதும். பதில் வராதவர் அதையே வேறு மூன்று இதழ்களுக்கு அனுப்புவார். ஒரே கதை ஒரே மாதத்தில் இரண்டு இடங்களில் வந்து நிற்கும். இன்னொன்றும் உண்டு. சிற்றிதழுக்குக் கதை அனுப்புகிறவரில் பெரும்பாலோர் அதன் வாசகர்கள். பதிலே வராத வாசகர் அடுத்த ஆண்டு சந்தா கட்டுவாரா?

இனி அச்சு. கிரௌன் 1/4 அளவில் 128 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளின் இருபுறமும் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதிதான் ஃபாரம்; ஃபாரத்துக்கு 16 பக்கமாக எட்டு ஃபாரம். டபுள் கிரௌன் தாளில் ஒரு பிரதிக்கு எட்டுத் தாள், 500 பிரதிக்கு 4000 தாள், அதாவது எட்டு ரீம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் மை சமப்படும்வரை வீணாகும் தாள் தனி. ஃபாரத்துக்கு 50 தாளாவது கூடுதலாக வாங்கிவைக்காவிட்டால் கேட்ட 500 கைக்கு வராது. 300 பிரதிக்குக் கீழே என்றால் ஆஃப்செட்டை மறந்துவிட்டு டிஜிட்டலுக்குப் போய்விடலாம். அதில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு இல்லை, தீர்ந்தால் இன்னும் ஐம்பது போட்டுக்கொள்ளலாம்.

பக்க எண்ணிக்கையை முடிவுசெய்வது இலக்கியம் அல்ல, தபால்தான். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் மேற்சொன்ன 128 பக்கம் ஏறத்தாழ 200 கிராம் வரும். 250 ஜிஎஸ்எம் அட்டை 22 கிராம், உறை 20 கிராம். மொத்தம் 240. ஒரு நீள்கவிதைக்காக ஒரு ஃபாரம் சேர்த்தால் 25 கிராம் ஏறி 265 ஆகிவிடும். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்ட்டின் எடைப் படிகள் 50, 250, 500 கிராம். 250ஐத் தாண்டியதும் ஒவ்வொரு பிரதிக்கும் அடுத்த படியின் கட்டணம். அதே 144 பக்கத்தை 60 ஜிஎஸ்எம் தாளில் அடித்தால் 235க்குள் அடங்கும்; ஆனால் பின்பக்க எழுத்து கொஞ்சம் தெரியும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை இதழ் தயாராவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும், உறையில் போட்டு எடை பார்க்கும்போது அல்ல. பத்திரிகைகளுக்கான சலுகைத் தபால் கட்டணம் 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வரும் இதழ்களுக்கே என்பது நெடுங்கால விதி. காலாண்டிதழ்காரர் அதை எதிர்பார்த்து வரவுசெலவு போடக் கூடாது.

எழுத்துரு விஷயத்தில் ஒரு தொல்லை இன்னும் தீரவில்லை. மூத்த எழுத்தாளர்களின் பழைய கோப்புகளில் யூனிகோடுக்கு முந்தைய பாமினியும் வேறு பழைய எழுத்துருக்களும் இன்றும் வருகின்றன. யூனிகோடுக்கு மாற்றும்போது ஔகாரக் குறி பல இடங்களில் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகப் பிரிந்துவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இதைச் சரிசெய்கிறேன் என்று மொத்தமாகத் தேடி மாற்றினால் ‘வெள்ளம்’ எல்லாம் ‘வௌ்ளம்’ ஆகி அச்சுக்குப் போய்விடும். ஒவ்வோர் இடமாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டுபவர், தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போஸரைத் தேர்ந்தெடுத்தாரா என்பதை முதல் பக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கடைசி புரூஃபைத் திரையில் பார்க்காமல் தாளில் பார்க்க வேண்டும், அதையும் அதுவரை அந்தப் பக்கங்களைப் பார்க்காத ஒருவர் பார்க்க வேண்டும்.

பதிவு பற்றிச் சுருக்கமாக. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் வந்து, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் இணையவழியில். பெயருக்குப் பல தேர்வுகளை வரிசையாகக் கொடுத்துவைப்பது நல்லது. அழகான ஒற்றைச் சொற்களை யாரோ எப்போதோ எடுத்து வைத்திருப்பார்கள். பதிவு செய்யாமல் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சடித்துவிட்டுக் கடையில் விற்பனைக்கு வைப்பது நம் ஊர் வழக்கம், அதற்கு மேல் அந்த வரிக்குப் பொருளில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். கடமைக்காக இல்லாவிட்டாலும் இதழின் நன்மைக்காகவே அனுப்பலாம். முப்பது ஆண்டு கழித்து யாராவது தேடினால் முழுத்தொகுதி கிடைக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

சந்தாவுக்கு வருவோம். கடைவழி விற்பனை இதழைக் காப்பாற்றாது என்பதற்கு ஒரு கணக்கு. பிரதிக்கு அச்சுச் செலவு 60 ரூபாய், விலை 100 ரூபாய் என்று கொள்வோம். கடைக்குக் கழிவு 35 சதவீதம் போக 65. பார்சல் செலவு போனால் கையில் நிற்பது அசலுக்கும் கீழே. விற்காமல் அழுக்காகித் திரும்பும் பிரதிகள் வேறு. பணம் ஆறு மாதம் கழித்து வரும், சில இடங்களிலிருந்து வரவே வராது. ஊருக்கு ஒன்றாக ஐந்தாறு கடைகள் போதும். புதிய வாசகர் இதழைக் கண்ணால் பார்ப்பதற்கு அவை வேண்டும், வருமானத்துக்கு அல்ல. சென்னைப் புத்தகக் காட்சியும் ஈரோடு புத்தகத் திருவிழாவும் இதில் வேறு மாதிரி. அங்கே இதழை வாங்கிப் புரட்டுகிறவரிடம் அந்த நேரத்திலேயே சந்தா ரசீது போட முடியும். புதிய இதழை மட்டும் அடுக்கி வைக்காமல் பழைய இதழ்களைக் குறைந்த விலைக்கு வைத்தால் பேச்சு தானாகத் தொடங்கும்.

ஆயுள் சந்தா ஒரு பொறி. 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இதழுக்குத் தபாலோடு 80 ரூபாய் செலவழித்தால் 25 இதழில் பணம் தீரும். காலாண்டிதழுக்கு அது ஆறே கால் ஆண்டு. அதற்குப் பிறகு ஆயுள் சந்தாதாரர் நீடூழி வாழ வாழ இதழுக்கு நஷ்டம். மேலும் அந்த 2000 ரூபாயை முதல் இரண்டு இதழ்களின் அச்சுக் கடனுக்கே கொடுத்துத் தீர்த்திருப்பார்கள். ஓராண்டு, இரண்டாண்டு, அதற்கு மேல் வேண்டாம். கூடுதலாகத் தர விரும்புகிறவரிடம் நன்கொடை என்று சொல்லியே வாங்கி, தனிக் கணக்கில் எழுதலாம்.

சந்தா நோட்டில், அது எக்ஸெல் ஆனாலும் சரி, ஆறு கட்டங்கள் அவசியம்: பெயர், பின்கோடோடு முகவரி, ஃபோன், எந்த இதழிலிருந்து, எந்த இதழ்வரை, யார் மூலம் வந்தார். கடைசிக் கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். யார் மூலம் என்று தெரிந்தால்தான் எந்த ஊரில் இதழ் கால் ஊன்றியிருக்கிறது என்று தெரியும். உறைமேல் ஒட்டும் முகவரிச் சீட்டில் ‘சந்தா: இதழ் 12 வரை’ என்று ஒவ்வொரு முறையும் அச்சிட வேண்டும். கடைசி இதழுக்கு முந்தைய இதழிலேயே, கட்ட வேண்டிய தொகையும் ஜிபே எண்ணும் குறித்த துண்டுச்சீட்டை உள்ளே வைப்பது பலன் தரும். முடிந்த பிறகு வைத்தால் அந்தச் சீட்டை வைத்து அனுப்ப இதழே இராது. ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பும் பிரதிக்கு ஒரு வாரத்துக்குள் ஃபோன் செய்தால் புது முகவரி கிடைக்கும். வாடகை வீட்டில் இருக்கிறவர்களே இதழ் படிக்கிறவர்களில் அதிகம்; வீடு மாறுவார்கள், சொல்லமாட்டார்கள்.

வாசகர் வட்டம் என்பது இந்த நோட்டிலிருந்துதான் கிளம்பும். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ சிற்றிதழைத் தொடங்கியபோதே, 2000 பிரதிக்கு மேல் அச்சாகாது, கடைகளில் தொங்காது, சந்தா மூலமே கிடைக்கும் என்ற பொருளில் அறிவித்தார். அந்த எண்ணிக்கையை இதழ் எட்டவே இல்லை என்பது வேறு விஷயம். முதல் இதழில் ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதையை மறுபடி வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் தாங்களும் எழுதி அனுப்பத் தொடங்க, 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது: 24 கவிஞர்கள், 63 கவிதைகள். வாசகரிடம் ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இதழ் அருமை’ என்றுதான் கடிதம் வரும். பதில் எழுதத் தூண்டும் ஒன்றைக் கொடுத்தால் வேறு வகைக் கடிதம் வரும். கடிதப் பகுதியில் பாராட்டுகளை அறவே தவிர்த்து, மறுப்பு, திருத்தம், கூடுதல் தகவல் மூன்றையும் மட்டும் போடும் இதழுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து நல்ல கடிதங்கள் வரும்.

ஊர்களில் நடத்தும் வாசகர் சந்திப்புக்குப் பதினைந்து பேர் போதும். இருபதைத் தாண்டினால் மைக் வரும். மைக் வந்தால் பேச்சாளர் வருவார், பேச்சாளரோடு பொன்னாடையும் வரும். இதழிலிருந்து ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்து பத்து நாள் முன்பு சொல்லிவிட வேண்டும். எழுதியவர் வந்திருந்தால் அவர் கடைசியில்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் அவர் விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கிளை நூலகமோ பள்ளி வகுப்பறையோ கிடைத்தால் வாடகையும் மிச்சம். ஞாயிறு காலை பத்து மணி தோதான நேரம். மாலையில் வைத்தால் பெண்கள் வருவது குறையும், வெளியூர்க்காரருக்குக் கடைசிப் பஸ் கவலை. சந்திப்பு முடிந்து டீக்கடையில் நிற்கும்போது தெரியும், யார் அடுத்த இதழுக்கு புரூஃப் பார்க்க ஒப்புக்கொள்வார், யார் தன் ஊரில் பத்துச் சந்தா சேர்ப்பார் என்று. சேர்த்துக் கொடுக்கிறவருக்குக் கமிஷன் வேண்டாம்; இரண்டு பிரதி கூடுதலாக அனுப்பினால் அதையும் யாருக்காவது கொடுத்துப் படிக்கவைப்பார்.

யாழ்ப்பாணத்தில் 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’, பின்னர் கொழும்புக்கு இடம்பெயர்ந்து, போர்க்காலத்தையும் தாண்டி 400 இதழ்களைக் கடந்தது. இதழைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவரே வாசகரிடம் விற்றார். கூட்டு இதழில் அந்த அளவு ஒருவரே சுமக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் ஒரே சௌகரியம். அதற்கு வேலை சுழன்று வர வேண்டும். சந்தாப் பொறுப்பு ஆண்டுக்கொரு முறை கைமாறினால் எல்லோருக்கும் வாசகர்களின் பெயர்கள் பழகும். கைமாற்றும்போது நோட்டு, வங்கிக் கணக்கு, கடை பாக்கி, கையிருப்புப் பிரதி நான்கையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

நிறுத்துவதாக முடிவானால் அதை ஓர் இதழ் முன்னதாகவே அறிவித்துவிடலாம். மீதிச் சந்தாவைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது சந்தாதாரரிடம் கேட்டுக்கொண்டு அதே தொகைக்கு வேறு சிற்றிதழுக்கு மாற்றிவிடலாம். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். முகவரிப் பட்டியலை மட்டும் அவரவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கையிருப்புப் பிரதிகளை ஆண்டுவாரியாகத் தைத்து நூலகங்களுக்கு அனுப்பிய பிறகு மிஞ்சுவதை எடைக்குப் போடலாம், அதில் வெட்கப்பட ஏதுமில்லை.