அட்வான்ஸ் படிவத்தில் ஒரு கட்டம்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். வங்காள விரிகுடாவில் புயல் என்று செய்தி வந்தால் போதும், அடுத்த வாரமே அட்வான்ஸ் கேட்டுப் படிவங்கள் என் மேசைக்கு வந்துவிடும். பெரும்பாலும் பங்களாதேஷ் தம்பிகளுடையவை.

2020 மே 20. கோவிட் காலம், விடுதியை விட்டு யாரும் வெளியே வர முடியாது. அன்றுதான் அம்பான் புயல் கரையைக் கடந்தது. சாத்கிரா மாவட்டத்துத் தம்பி ஒருவர் நள்ளிரவு தாண்டிப் போன் செய்தார். எங்கள் ஆட்களோடு வேலை பார்த்தே தமிழ் கற்றுக்கொண்டவர். "அக்கா, வீட்டுல எல்லாரும் ஷெல்டர்ல இருக்காங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஆத்துக் கரை உடைஞ்சிடுச்சு."

உயிருக்கு ஒன்றுமில்லை என்பது சின்ன விஷயமில்லை. 1970 போலா புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல், 1991-இல் ஏறக்குறைய 1,38,000 பேர் என்று பறிகொடுத்த நாடு அது. 1972-இல் தொடங்கிய தன்னார்வலர் எச்சரிக்கைத் திட்டமும் புயல் காப்பகங்களும் சாவுக் கணக்கை வெகுவாகக் குறைத்துவிட்டன. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வயலைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கு ஓட முடியாதே.

2009-இல் அய்லா புயலில் ஆற்றங்கரை உடைந்தபோது, அந்தப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் உப்புத்தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இறால் பண்ணைகளால் அங்கே மண் முன்பே உப்பேறிக் கிடந்தது. நாற்று நடவும் கதிர் அறுக்கவும் ஊரே வேண்டும். இறாலுக்கு அத்தனை ஆள் வேண்டாம். அப்புறம் என்ன, ஏஜெண்டிடம் கடன்பட்டு இங்கே வருகிறார்கள்.

போன் செய்த மறுநாள் அந்தத் தம்பி ஒரு வீடியோ அனுப்பினார். குளம் கலங்கிப் பழுப்பாக இருந்தது, மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. கரையில் அவர் மனைவி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குளம்தானாம்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மருத்துவம், கல்யாணம், சாவு என்றால் உடனே கையெழுத்தாகும். குளம் உப்பானதை எதில் சேர்ப்பது? 'குடும்ப அவசரம்' என்று எழுதி எங்கள் ஃபோர்மேன் அண்ணனிடம் நீட்டினேன். வேதாரண்யத்துக்காரர், 2018 கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்தவர். வீடியோவைப் பார்த்தார். "பம்பு வச்சு இறைச்சுட்டு மழைக்குத்தான் காத்திருக்கணும்" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

மாதம் 100 வெள்ளி வீதம் பிடித்தம். அந்தக் கடன் முடியும் முன்பே அடுத்த படிவம் வந்தது. கரை மறுபடி உடைந்திருந்தது.