வடக்கன்குளம் போய் வந்தோம்

புனித தேவசகாயத்தைக் கும்பிடப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே கோட்டாறுக்கோ காற்றாடிமலைக்கோ போய்விடுவார்கள். கோட்டாறில் அவர் கல்லறை, காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்ற இடம். நாங்கள் முதலில் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்துக்குப் போனதற்கு அத்தைதான் காரணம். "ஞானஸ்நானம் வாங்கின ஊரை விட்டுட்டு கல்லறைக்கு மட்டும் போனா என்னல அர்த்தம்?" என்றாள்.

பணகுடி தாண்டினால் இரண்டு பக்கமும் காற்றாலைகள். 1745-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து, திருவிதாங்கூரிலிருந்து, நீலகண்டன் இந்த ஊருக்கு வந்தார். தேவசகாயத்தின் பழைய பெயர் அது. நட்டாலத்துக்காரர், மார்த்தாண்ட வர்மா அரசில் அதிகாரி. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாகத்தான் அவருக்குக் கிறிஸ்துவைத் தெரிந்தது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்று பெயர் மாறினார். 1752 ஜனவரி 14-இல் கணவர் கொல்லப்பட்ட பிறகு அந்த அம்மா வாழ்ந்ததும் இந்த ஊரில்தான். ஏனோ அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இப்போது நிற்கும் திருக்குடும்ப ஆலயம் அந்தக் காலத்தது அல்ல, 1872-இல் எழுந்தது. பூசை முடிந்ததும் வெளியே வந்து கோயிலைச் சுற்றி நடந்தோம். இந்தக் கோயிலின் கதை சங்கடமானது. சாதிக்கு ஒரு பக்கமாக, நடுவே தடுப்போடு கட்டியிருக்கிறார்கள். வெள்ளாளர் ஒரு பக்கத்தில், நாடாரும் மற்றவர்களும் மறு பக்கத்தில். பீடம் மட்டும் பொது. எல்லாச் சாதியோடும் பழகியது அரண்மனையில் தேவசகாயத்தின் மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே இப்படி! 1910-இல் கௌசானல் சுவாமி என்ற குரு தடுப்பை அகற்றினார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், பிரிவினை கேட்டவர்கள் தோற்றார்கள். வருகிறவர்களுக்கு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பேன். நம் ஆட்கள் செய்ததுதானே.

2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' இல்லை. அது சாதிப் பெயர் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், அதற்கு முன்பே வத்திக்கான் எடுத்துவிட்டது. இந்தியாவில் குருவாகவோ துறவியாகவோ இல்லாமல் புனிதரான முதல் ஆள் அவர். குடும்பஸ்தர். அத்தைக்கு அதில் தனிப் பெருமை.

எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபை. "செத்தவங்ககிட்ட எதுக்கு வேண்டணும், நேரா இயேசுகிட்டயே கேட்கலாமே?" என்பார்கள். கேட்கலாம், கேட்கிறோம். புனிதரை நாங்கள் ஆராதிப்பதில்லை. எங்களுக்காகக் கடவுளிடம் பேசச் சொல்கிறோம். இறந்தாலும் அவர்கள் நம் திருச்சபைக்காரர்களே என்பது கத்தோலிக்க நம்பிக்கை. இதை விளக்கி நான் யாரையும் ஜெயித்ததில்லை, சரி விடுங்கள்.

அப்புறம் ஆரல்வாய்மொழிக்கு பஸ் ஏறினோம். காற்றாடிமலையில், அவர் உயிர் போனபோது உருண்டு விழுந்ததாக நம்பப்படும் பாறையைக் கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அத்தையும் தட்டிப் பார்த்தாள். அவர் திருநாள் ஜனவரி 14, பொங்கலை ஒட்டி வருவதால் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. வயசானவர்களைக் கூட்டிப் போவதென்றால் வேறு நாளில் போங்கள்.