முகப்பிலிருந்து முதுகுக்கு ஏறிய ரேடியேட்டர்

மத்திய ஃப்ளோரிடாவின் கறுப்பு உளைச் சேற்றில் ஓட்டுவதற்கென்றே நான் சிறுகச் சிறுகக் கட்டிவரும் 1986ஆம் ஆண்டு செவ்ரலே கே10 பிக்கப்பில், என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது எஞ்சினும் அல்ல, அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் எம்35 லாரியிலிருந்து கழற்றி மாட்டிய ராக்வெல் ஆக்சில்களும் அல்ல, எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர்தான். ஆக்சில் வேலையில் எடை அதிகமே தவிர, எங்கே அளக்க வேண்டும், எங்கே வெல்டு வைக்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. ரேடியேட்டரை முன்பக்கத்திலிருந்து எடுத்து, கேபினுக்குப் பின்னால் சரக்குத் தொட்டியில் நிறுத்துவதும் அப்படியொரு வேலைதான் என்று எண்ணி இறங்கினேன்.

ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் சேற்றில் ஓட்டாதவர்கள். முன் கிரில்லுக்குப் பின்னால் நிற்கும் ரேடியேட்டர், வண்டி குழிக்குள் மூக்கை நுழைக்கும்போதெல்லாம் முதல் வாய்ச் சேற்றை வாங்கிக்கொள்கிறது. இந்தப் பகுதிச் சேற்றில் மட்கிய புல்லின் நார் நிறையக் கலந்திருப்பதால், அது ரேடியேட்டரின் மெல்லிய உலோகச் செதில்களுக்கு இடையே புகுந்து காய்ந்தால் பாய் பின்னியதுபோல் இறுகிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பெல்ட்டில் சுழலும் விசிறி ஆழமான தண்ணீருக்குள் போனால் படகைத் தள்ளும் விசிறியைப்போல் வேலை செய்யும்; அதன் இறக்கைகள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரையே அறுத்துவிடும். எனக்கு ஒரு ரேடியேட்டர் அப்படித்தான் போனது. முன்பக்கத்தில் இருந்தால் காற்று கிடைக்குமே என்ற வாதம் சாலையில் ஓடும் வண்டிக்குப் பொருந்தும். சேற்றில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் கதறும்போது வண்டி நடை வேகத்தில்தான் நகர்கிறது. அங்கே எதிர்க்காற்று என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகவே இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன். மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தய வண்டிகளிலும் ரேடியேட்டர் பின்னால்தான் இருக்கிறது என்றாலும், அவை ஓடும் வேகத்தில் காற்றை வாரி அனுப்பும் வாய்களை வைத்துக்கொள்ள முடியும். என் வண்டியில் குளிர்விக்கும் பொறுப்பு முழுவதும் மின்விசிறியின் தலையில்தான் விழும்.

அந்த விசிறியைக் காயலான் கடையில் ஒரு பழைய ஃபோர்டு டாரஸிலிருந்து எடுத்தேன். கூடோடு சேர்ந்து வரும் அந்த விசிறி இந்த மாதிரி வேலைகளுக்குப் பேர்போனது. கேபினின் பின்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ரேடியேட்டரை நிறுத்தி, விசிறி காற்றைக் கேபின் பக்கமிருந்து உறிஞ்சிப் பின்னால் தள்ளும்படி வைத்தேன். முன்சக்கரங்கள் வாரி இறைக்கும் சேறு கேபின் கூரையைத் தாண்டி அந்த இடைவெளிக்குள்தான் விழும் என்பதால், மேலே சாய்வாக ஒரு அலுமினியத் தகட்டையும், பக்கங்களில் கழற்றிக் கழுவக்கூடிய வலைகளையும் பொருத்தினேன். தாங்கிச் சட்டத்தைச் சரக்குத் தொட்டியின் தகரத்தில் முடுக்காமல், வண்டியின் அடிச்சட்டமான சேஸியிலிருந்து எழுப்பி, நடுவில் ரப்பர் வைத்தேன். சேஸி முறுக்கும்போது தொட்டி ஒரு பக்கமும் கேபின் ஒரு பக்கமும் ஆடுவதைப் பார்த்தவர்கள் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

குழாய்களுக்குத் துருப்பிடிக்காத எஃகைத் தேர்ந்தெடுத்தேன். எஞ்சினிலிருந்து சூடான நீர் போவதற்கு 38 மி.மீ. விட்டத்திலும், குளிர்ந்த நீர் பம்புக்குத் திரும்புவதற்கு 44 மி.மீ. விட்டத்திலும், புகைக்குழாய் ஓடாத பக்கத்துச் சேஸிச் சட்டத்தை ஒட்டி, கேபினுக்கு அடியில் இரண்டையும் ஓட்டினேன். கேபினுக்குள்ளே ஓட்டினால் வழி சுருங்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். நூறு பாகை செல்சியஸைத் தொடும் நீர் அழுத்தத்தோடு என் முழங்காலருகே ஓடுவதை நான் விரும்பவில்லை. கழன்று போகாதிருக்கக் குழாய் முனைகளில் விளிம்பு எழுப்பி, எஞ்சின் அசையும் இடத்திலும், நடுச் சேஸியிலும், ரேடியேட்டர் அருகிலும் மட்டும் ரப்பர் ஹோஸ் துண்டுகளை இட்டேன். இந்த நீண்ட குழாய்களுக்குள் மட்டுமே கூலண்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் 5 லிட்டருக்கு மேல் கூடுதலாகப் பிடித்தது.

இதுவரை எல்லாம் சரியாகவே இருந்தது. பிழை எங்கே என்றால், பழைய பழக்கப்படி ரேடியேட்டரின் மூடியைத் திறந்து கூலண்டை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நான் நினைத்ததில்தான். ரேடியேட்டர் எஞ்சினைவிட உயரத்தில் இருப்பதால் காற்று தானாக மேலேறி மூடிவழியே வெளியேறிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் சூடான நீர்க்குழாய், எஞ்சின் சூடேறியதும் திறந்து நீரை விடும் தெர்மோஸ்டாட் வால்வின் கூட்டிலிருந்து முதலில் கேபினுக்கு அடியில் இறங்கி, பிறகுதான் பின்னால் ஏறுகிறது. இறங்கும் வழியில் காற்றுக் குமிழி போகுமா? எஞ்சினின் உச்சியிலேயே அது தங்கிவிட்டது. அதாவது, காற்று நின்று நீரின் வழியை அடைக்கும் அசல் ஏர் லாக்.

கொடுமை என்னவென்றால், வெப்பமானியின் உணரியும் அந்தக் காற்றுப் பைக்குள்தான் இருந்தது. நீரில் நனைந்தால்தான் உணரி உண்மை சொல்லும். முள் 75 பாகையில் அமைதியாக நிற்க, சிலிண்டர் ஹெட்டுக்குள் கூலண்ட் கொதித்துக்கொண்டிருந்தது. சூடான நீர் தொடாததால் 82 பாகையில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட்டும் திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து முள் ஒரே தாவலில் எல்லையைத் தாண்டியது, பின்னால் ரேடியேட்டர் பொங்கியது, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போனது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த நிலையில் சுமார் 107 பாகையிலும், 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாங்கும் மூடியின் கீழ் சுமார் 129 பாகையிலும்தான் கொதிக்கும் என்ற படிப்பெல்லாம், கூலண்டே இல்லாத இடத்தில் எதற்கும் உதவவில்லை.

கேஸ்கெட்டை மாற்றிய கையோடு குளிரூட்டும் அமைப்பை மீண்டும் தாளில் வரைந்தேன். ரேடியேட்டரின் தலைக்கு மேலே, வண்டியின் கூலண்ட் ஓட்டத்திலேயே உயர்ந்த இடத்தில், 2 லிட்டர் கொள்ளும் ஒரு சிறு தொட்டியை வைத்து, மூடியை அதற்கு மாற்றினேன். தெர்மோஸ்டாட் கூட்டின் உச்சியிலிருந்து 6 மி.மீ. ஹோஸ் ஒன்று, எங்கும் இறங்காமல், கேபினுக்கு வெளியே பாதுகாப்புக் கூண்டின் குழாயைத் தழுவியபடி ஏறி அந்தத் தொட்டிக்குப் போகிறது. ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் அதேபோல் ஒன்று. தொட்டியின் அடியிலிருந்து கிளம்பும் தடித்த ஹோஸ், பம்புக்குத் திரும்பும் குழாயில் சேர்கிறது. காற்று வெளியேறுவது இதன் ஒரு பயன் மட்டுமே. நீண்ட குழாய் வழியாகப் பம்பு இழுக்கும்போது அதன் வாயில் அழுத்தம் குறைந்து, உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். தொட்டி நேரே அந்தப் பக்கத்தில் இணைந்திருப்பதால் மூடி தாங்கும் அழுத்தம் முழுவதும் பம்பின் வாய்க்கே கிடைக்கிறது. கூடுதல் காப்பாக அந்த ஹோஸுக்குள் ஒரு சுருள் கம்பியை நுழைத்தேன், காற்று கடந்துபோகத் தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் 3 மி.மீ. துளை ஒன்றும் போட்டேன். உணரியை இடம் மாற்றி, எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் சிலிண்டர் ஹெட்டில் பொருத்தினேன். நிரப்பும்போது சாதாரண வண்டிக்கு மூக்கைத் தூக்கி நிறுத்துவார்கள். என் வண்டியில் உயர்ந்த இடம் பின்னால் என்பதால், நான் வாலைத் தூக்கி நிறுத்துகிறேன்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த விசிறி ஓடும்போது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. முன்னாலிருந்து பின்னால் வரை போக நாலு மீட்டர், வர நாலு மீட்டர் என்று 4 சதுர மி.மீ. கம்பியை இழுத்தால் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். விசிறியும் அதற்கேற்பச் சோம்பும். 10 சதுர மி.மீ. கம்பியும், தடித்த ரிலேயும், 140 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் போட்ட பிறகே அது தன் முழு வேகத்தில் சுழன்றது.

போன மாதம் அரை மணி நேரம் தொடர்ந்து குழியில் போராடியபோது முள் 93 பாகையைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து வலைகளைக் கழற்றி, ரேடியேட்டரை விசிறிப் பக்கமிருந்து சாதாரண ஹோஸால் கழுவினேன். அழுத்தமாகப் பீய்ச்சும் பம்பைக் காட்டினால் செதில்கள் மடங்கிவிடும். இப்போது பாக்கியிருப்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய்க் குளிர்விப்பான். ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருந்த அதை இங்கே பயன்படுத்தாமல், தனியாக ஒன்றை வாங்கி, தற்காலிகமாகப் பழைய கிரில்லுக்குப் பின்னாலேயே கட்டி வைத்திருக்கிறேன். சேறு இப்போது அதைத்தான் தின்கிறது.