வேண்டாம்னு சொன்ன பூஸ்டர்

இலங்கை டிவியான ரூபவாகினிக்கு நான் ஆன்டெனா கட்டின காலத்தில், பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருத்தர் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் கேட்டார். பிரயோஜனம் இல்லை என்றேன். வேறொரு பையன் மாட்டிக் கொடுத்தான். அன்று ராத்திரியே படம் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. "தம்பி, நீரு கணக்கு சொல்லுதீரு. அவன் படத்தக் காட்டிட்டாம்லா" என்றார் அண்ணாச்சி. அதற்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை.

நான் சொன்ன கணக்கு தப்பில்லை. 1982 பிப்ரவரியில் ரூபவாகினி தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நின்ற நுவரெலியா பக்கத்துப் பீதுருதலாகலை மலை 2,524 மீட்டர் உயரம். திருச்செந்தூர்க் கரையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். அந்த உயரத்துக்கும் ஆன்டெனாவைத் தாங்கும் நம் நாற்பதடிக் குழாய்க்கும் நேராக எட்டுவது 220 கிலோமீட்டர் அளவுதான். மிச்சத் தூரத்துக்குக் கடல்தான் கொண்டுவரணும். காற்றில்லாத ராத்திரிகளில் மன்னார் வளைகுடாவின் ஈரக்காற்றுக்கு மேல் சூடான உலர்ந்த காற்று படிந்துவிடும். அலை அதற்குள் மாட்டிக்கொண்டு தண்ணீரை ஒட்டியே வளைந்து வரும். மாசி முதல் சித்திரை வரை நம்பலாம். ஆடிக் காற்று அந்த அடுக்கைக் கலைத்துவிட்டால் அதே குழாய், அதே ஆன்டெனா, திரை முழுக்க வெள்ளைப் புள்ளிதான். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று நேரம் பிரித்து ஒளிபரப்பிய நிலையம் அது. நம்ம ஆட்கள் தமிழ் நேரத்துக்குக் காத்திருப்பார்கள். காற்று மொழி பார்த்தா அடங்கும்?

வராத சிக்னலை எந்தப் பூஸ்டரும் வரவழைக்காது, புள்ளியைத்தான் பெருக்கும். டிவிக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் மோசம். ஒயர் தின்றதுபோக மிஞ்சியதை, இரைச்சலோடு சேர்த்துப் பெருக்கும். இதை இன்றைக்கும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் அந்தப் பையன் மாட்டியது குழாய் உச்சியில். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்கும் 300 ஓம் தட்டை ஒயர் கடற்கரையில் உப்புப் பூத்து, பனியில் நனைந்து, கீழே வருவதற்குள் நிறையத் தின்றுவிடும். அதற்கு முன்னாலேயே பெருக்கிவிட்டால் அந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. பழைய டிவியில் சேனலைப் பிடிக்கும் டியூனரின் இரைச்சலும் அடங்கும். சிக்னல் வரவா போகவா என்று நிற்கும் ராத்திரியில், முகம் தெரிவதும் தெரியாததும் அந்த வித்தியாசத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. மேலே ஏறியவன், ஆன்டெனாவில் ஒயர் சேரும் கம்பியான டைபோலின் முனையைக் கழற்றி மாட்டியிருப்பான். அலுமினியமும் செம்பும் உப்புக்காற்றில் சேர்ந்தால், ஒரு பருவத்துக்குள் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்து இணைப்பு விட்டுப்போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, கிரீஸ் தடவினாலே பாதிப் படம் திரும்பும். படம் வந்தது அதனாலா, பூஸ்டராலா, அன்று காற்று அடங்கியதாலா? பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ஒரே ராத்திரியில், ஒரே உயரத்தில், பூஸ்டரோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றுமாக இரண்டு ஆன்டெனா நிறுத்தணும். அதற்கு யார் காசு கொடுப்பார்?

ஆடியில் அந்த வீட்டுப் படம் போயிற்று. நான் சொன்னதுதான் நடந்தது என்று இருந்தேன். அண்ணாச்சியோ பூஸ்டர் போயிட்டு என்று அந்தப் பையனையே கூப்பிட்டுப் புதுசு வாங்கினார். காற்று அடங்கினதும் படம் வந்தது. பழைய பூஸ்டருக்குள் உப்புத்தண்ணி இறங்கி நிஜமாகவே செத்திருக்கவும் செய்யலாம். அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.